ஆலோசகர் அம்மா சொல்லாமல் விட்டது

தம்பி,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நான் உனக்குக் கடைசியாக எழுதிய கடிதம், நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதத்தில். அதில் பாதிக்கு மேல் சட்டைக் காலரை எப்படித் தேய்ப்பது என்பதுதான் இருந்தது. இது அந்த மாதிரிக் கடிதம் இல்லை. நல்ல சேதியோடு ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை அடக்கி வைக்க என்னால் முடியவில்லை. பால்காரரிடம் சொல்லியாயிற்று, கீழ்வீட்டில் சொல்லியாயிற்று, கம்பம் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அம்மாவிடம்கூடச் சொல்லியாயிற்று. பெற்ற பிள்ளைக்குத்தான் கடைசியில் வருகிறது. வருகிற திங்கட்கிழமை தொடங்கி ஆறு நாள், தேனியில், என்னைப் போல மனநல வேலை பார்க்கிற முப்பது பேருக்கு நான் வகுப்பு எடுக்கப் போகிறேன். நான்! நர்சுகள், ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள், இரண்டு இளம் டாக்டர்கள் வேறு. ஐம்பத்தாறு வயதில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப் போகிறேன். இதை எழுதும்போதே இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். சரி, கொஞ்சம் பயமும்தான்.

என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்பாய். இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு வந்த உத்தரவில், "மனநலப் பணியாளர்களுக்கான உணர்ச்சிச் சமநிலை மற்றும் மனவிழிப்புப் பயிற்சி" என்று முழ நீளத்துக்குப் பெயர் போட்டிருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. திங்கள் ஆண்டிபட்டி, செவ்வாய் சின்னமனூர், வியாழன் கூடலூர் என்று வாரம் முழுக்க முகாம். மற்ற நாளில் ஆஸ்பத்திரியில் என் சின்ன அறை. அந்த அறை வாசலில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நான் போய் ஒரு மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட வேண்டுமாம். "இருபத்திரண்டு வருசமா ஊரு அழுகுறதக் கேட்டுக்கிட்டு இருக்கேன். சமநிலை இல்லாமயா இம்புட்டு நாளு அந்த நாற்காலியில ஒக்காந்திருக்கேன்?" என்று ஆபீசில் கேட்டே விட்டேன். கிளார்க் சிரித்தார். "அக்கா, மத்தியானம் பிரியாணி போடுறாகளாம். போயிட்டுத்தான் வாங்களேன்" என்றார். பிரியாணிக்காகப் போனேன் என்றே வைத்துக்கொள்.

பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வந்தவர் ஸ்டெல்லா மேடம். வெளுத்த சேலையும் மெல்லிய குரலுமாக யாரோ வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் குண்டாக, மூச்சு வாங்க, கையில் பாதி கடித்த வடையோடு வந்தார். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர் கொண்டு வந்த பாய்களையும் பேப்பர்களையும் இறக்காமலே கார் டிரைவர் பெட்ரோல் போடக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்தது. மேடம் போனில், "எத்தன தடவ சொன்னேன் ஒங்ககிட்ட! காது கேக்குமா, கேக்காதா?" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் கத்தினார். போனை வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்ப எனக்கு என்ன நடந்துச்சு, பாத்தீகளா? மொதல்ல காது சுட்டுச்சு. அப்புறம் தாடை இறுகுச்சு. வாயத் தெறக்குறதுக்கு முன்னால ஒரு நொடி இருந்துச்சு. அத விட்டுட்டேன். அந்த ஒரு நொடியப் பிடிக்கத்தான் இந்த ஆறு நாளும்" என்றார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று. மத்தியானம் அந்த டிரைவர் பக்கத்தில் தட்டோடு போய் நின்று மேடம் மன்னிப்புக் கேட்டதையும் நாங்கள் பார்த்தோம்.

முதல் நாள் இருபது நிமிடம் மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார். எனக்கா முடியும்? முதல் மூச்சு உள்ளே போவதற்குள் உன் கல்யாணமும் ரேவதியின் முகூர்த்தப் பட்டும் மனதுக்குள் வந்துவிட்டன. அவள் அரக்குக் கலர் கேட்டாள், அவள் அம்மா மாம்பழக் கலர் என்கிறார். அந்தப் பஞ்சாயத்தை முடித்து, சமையல்காரரிடம் பந்திக்கு எத்தனை இலை என்று பேசி, உன் மாமாவுக்கு யார் பத்திரிகை வைப்பது என்பது வரைக்கும் போய்விட்டேன். கண்ணைத் திறந்தால் எல்லோரும் சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். மேடத்திடம் போய், "எனக்கு இது ஒத்துவராது" என்றேன். "மனசு ஓடுனா ஓடட்டும். ஓடிருச்சுன்னு தெரிஞ்சதா? அம்புட்டுத்தான் வேல. தெரிஞ்ச ஒடனே திரும்பி வாங்க" என்றார். மறுநாள் காலை உட்கார்ந்தபோது ஒன்று கண்டுபிடித்தேன். எனக்குப் பயம் வந்தால் இடது தோள் காதுப் பக்கமாக ஏறுகிறது. சிரிக்காதே. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் மனதைத் துழாவிக்கொண்டிருந்தவளுக்குத் தன் தோள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ரேவதிக்குப் போன் போட்டு, "உனக்குப் பயம் எங்கே வருகிறது?" என்று கேட்டேன். அந்தப் பெண் மாமியார் ஏதோ ஜாடையாக மிரட்டுகிறாள் என்று நினைத்துவிட்டது.

இரண்டாம் நாள் முகப் பயிற்சி. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் தனக்கு நடந்த ஒரு விஷயத்தை மனதில் நினைக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. மற்றவர் அந்த முகத்தைப் பார்த்துக் கோபமா, துக்கமா, பயமா, சந்தோஷமா என்று சொல்ல வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவன் பாண்டி. போடியில் நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளை, ஆறடி உயரம், ஓங்கிப் பேசினால் ஜன்னல் அதிரும். அவன் முகம் சினிமாப் போஸ்டர் மாதிரி, எல்லாம் அதில் எழுதி ஒட்டியிருக்கும். நாலும் சரியாகச் சொன்னேன். என் முறை வந்தது. நான் நாலு விஷயத்தை நினைத்தேன். அவன் முன்னால் சாய்ந்தான், பின்னால் சாய்ந்தான், தலையைச் சொறிந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீக. ஒங்க மொகம் பூட்டிக் கெடக்குற ரேஷன் கடை மாதிரி இருக்கு. உள்ள சரக்கு இருக்கா இல்லையான்னே தெரியல" என்றான். மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எத்தனை பேர் என்னைப் பற்றி, "அந்தம்மா எதுக்கும் கலங்காது" என்று சொல்லியிருக்கிறார்கள்! ஸ்டெல்லா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, "இந்த மொகத்த வீட்டுல யாரு பாத்து வளந்தாக?" என்று கேட்டார். என் இடது தோள் ஏறியது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாளில்தான் விஷயமே வருகிறது. மனதைக் கலக்கிய ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, வரி வரியாக எழுதச் சொன்னார்கள். என்ன நடந்தது, உடம்பு என்ன செய்தது, நீ என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்ற விளக்கம் ஒரு வரிகூடக் கூடாது. நான் சின்னமனூர் பஸ்ஸில் கண்டக்டரோடு போட்ட சண்டையை எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை அதை எழுதவில்லை. உன் அப்பா இறந்த அந்த வியாழக்கிழமையை எழுதியது.

நாம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அதனால் நான் எழுதியதை உனக்கும் அப்படியே சொல்கிறேன். உனக்குப் பதினேழு வயது. தோட்டத்தில் திராட்சை வெட்டு. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பந்தலுக்கு வந்து பெட்டி தூக்கச் சொன்னார் அப்பா. உனக்குப் பரீட்சை. வார்த்தை தடித்து, "நீங்க செத்தாலும் இந்தப் பந்தலுக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். நான் அடுப்படியில் இருந்தேன், கேட்டேன். அப்புறம் கூடலூர் முகாமுக்குக் கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்கு, அப்பா பந்தலுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்று எனக்குப் போன் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அந்தப் பந்தலுக்குள் நீதான் போய் அப்பாவின் காலைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள். வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, நாந்தாம்மா கொன்னுட்டேன். காலையில அப்படிச் சொல்லிட்டுப் போனேன்லம்மா" என்றாய். நான் உன் தோளில் கை வைத்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். குரலைத் தாழ்த்தி, "ஒன்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு ஒனக்குத் தோணுது. அப்படித் தோணுறது இயல்புதான்யா" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்குச் சொல்லப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ அழவில்லை.

இதைப் பாண்டியிடம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் பயிற்சி. வாசித்தேன். அந்த முகத்தோடுதான் வாசித்தேன். அவன் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். பிறகு, "அக்கா, இதுக்கப்புறம் 'இல்லடா, ஒன்னால இல்லடா'ன்னு எப்பச் சொன்னீக? அந்த வரிய விட்டுட்டீகளா?" என்று கேட்டான். நான் தாளைப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். பதினொரு வருடத்தை ஒரு நிமிடத்தில் முன்னும் பின்னுமாகத் தேடினேன். அந்த வரி எங்கேயும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வதை அவசரப்பட்டு மறுக்காதே. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அவர் வாயை அடைக்காதே. அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல், அவருக்கு அப்படித் தோன்றுவதை ஒப்புக்கொள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது நல்ல பாடம்தான், எத்தனையோ பேருக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த பதினேழு வயதுப் பிள்ளை "நான் கொன்றுவிட்டேன்" என்று சொல்லும்போது, பெற்றவள் "உனக்கு அப்படித் தோணுது" என்று மெல்லிய குரலில் சொன்னால் அவன் காதில் என்ன விழும்? "ஆமாம்" என்றுதான் விழும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஆலோசகர் பிள்ளைக்கு என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. படிக்காத ஒரு தாயாக இருந்திருந்தால், உன்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்னடா பேசுற கிறுக்குப் பயலே!" என்று வைதிருப்பாள். அந்த ஒரு வசவு உனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக என் புத்தியில் உறைக்கத் தொடங்கியது. நீ விடுமுறைக்கு வந்தால் சுருளிப்பட்டி ரோட்டில் நம் தோட்டத்துப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவாயே, அது வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன். பந்தலைப் பிரித்துக் குத்தகைக்கு விடலாமா என்று நான் கேட்டபோது, முழுதாகக் கேட்பதற்குள் "சரிம்மா" என்றாய். பயிற்சிக்கு முந்தின வாரம் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அப்பா படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். "நீயே வச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். வேலை அசதி என்று நினைத்தேன். ரேவதிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தே, அவுக மாமா மேல ஒண்ணும் கோவமா இல்லையே? மாமா படத்துப் பக்கமே போக மாட்டேங்கிறாக" என்று கேட்டாள். வந்து மூன்று மாதம்கூடப் பழகாத பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் வீட்டுத் துக்கத்தைக் கதவிடுக்கிலேயே மோப்பம் பிடிக்கிறவள் நான்.

இதோடு கடிதத்தை முடித்தால் எனக்கு வசதி. தொழில் பாடத்தைத் தப்பான இடத்தில் உபயோகித்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று முடித்துவிடலாம். மூன்றாம் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்காம் நாள் காலை கண்ணை மூடி மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று மேலே வந்தது. அதை உனக்குச் சொல்லாமல் விட்டால் இந்த ஆறு நாளும் பிரியாணிக்குத்தான் சரி. அந்த வாரம் திங்கட்கிழமை காலையில், நான் ஆண்டிபட்டி முகாமுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குடி" என்றார். நான் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "வாயுவா இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவள்! டாக்டர் அறை என் அறையிலிருந்து பத்தடி. வெள்ளிக்கிழமைக்கு அவர் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வராந்தாவில் நீ "நாந்தான்" என்று சொன்னபோது நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால், அடுத்து "பிறகு யாரால்?" என்ற கேள்வி வந்திருக்கும். அது வராமல் இருக்கத்தான் எனக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. இன்னும் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ பழியை உன் மேல் போட்டுக்கொண்ட அந்த ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு ஆறுதலாக இருந்தது. பெற்ற தாய்க்கு வரக்கூடாத ஆறுதல். அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, ஆனால் வந்தது.

வட்டத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். யாராவது "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள்" என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஸ்டெல்லா மேடம், "இப்ப ஒடம்புல எங்கன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "தொண்டையில." "சரி, அங்கனயே இருக்கட்டும். தள்ளாதீக, முழுங்காதீக. நாங்கெல்லாம் இங்கனதான் இருக்கோம்." அவ்வளவுதான், தம்பி. நான் அழுதேன். அப்பா காரியத்தன்றுகூட அழாத நான், மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, அத்தனை பேர் முன்னால் அழுதேன். பாண்டி தன் துண்டை எடுத்துக் கொடுத்தான். வியர்வை நாற்றம், இருந்தாலும் அதில்தான் துடைத்தேன். அழுது முடித்தபோது எனக்குப் பசித்தது! மனதிலிருந்த கல் இறங்கியது என்று சொல்வார்களே, எனக்கு அப்படியெல்லாம் இல்லை. கல் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி மூச்சு விட இடம் இருந்தது. இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

அந்த வாரத்துக்குப் பிறகு என் வேலை மாறிப்போனதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூடலூரில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். பெயரும் விவரமும் சொல்ல மாட்டேன். அதில் ஒருத்தி ஆறு மாதமாக வருகிறாள், வந்து தூக்கம் இல்லை என்பதைத் தவிர எதையும் சொன்னதில்லை. போன மாதம் அவள் பேசிக்கொண்டிருந்தபோது என் தோள் ஏறுவது தெரிந்தது. அந்த ஒரு நொடியைப் பிடித்துவிட்டேன்! வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லாமல் மூச்சு விட்டேன். என் கண் கலங்குவதை மறைக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்து, "ஆத்தா, இன்னைக்குத்தான் நீங்க இங்கன இருக்கீக" என்றாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சின்னப் பிள்ளை மாதிரித் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். இதை மேடத்திடம் சொன்னபோதுதான் அடுத்த வகுப்பை நீங்களே எடுங்கள் என்றார். "எனக்கே இப்பத்தான் தெரியும், நான் எப்படி?" என்றேன். "இப்பத்தான் தெரிஞ்ச ஆளுதான் வேணும். நெறயத் தெரிஞ்சவுக ஊருல ஏகப்பட்ட பேரு இருக்காக" என்றார்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். இந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நடத்துகிறவர்தான் முதலில் தன் சம்பவத்தை வாசிக்க வேண்டும். தான் திறக்காத கதவை மற்றவர்களைத் திறக்கச் சொல்லக் கூடாது. நான் அந்த வியாழக்கிழமையை வாசிக்க ஆசைப்படுகிறேன். அந்த முப்பது பேரில் எத்தனை பேர் வீட்டில் இதே குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்களோ, எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு "சரிம்மா" என்று சொல்கின்றனவோ! அவர்களுக்கு என் தப்பு தெரிய வேண்டும். ஆனால் அது என் கதை மட்டும் இல்லை. நீ வேண்டாம் என்றால் கண்டக்டர் சண்டையை வாசிப்பேன், அதிலும் என் வண்டவாளம் நிறையவே இருக்கிறது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். யோசித்துச் சொல். தயவுசெய்து உடனே "சரிம்மா" என்று சொல்லாதே.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்குத் தாய் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ரேவதி அழும்போது உடனே வழி சொல்லாதே, கேட்டுக்கொண்டிரு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், கேட்டுக்கொண்டிரு. ஆனால் அவள் செய்யாத தப்புக்குத் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பாளானால், முதலில் "இல்லை" என்று சொல். சத்தமாகச் சொல், அவள் நம்புகிறவரைக்கும் சொல். கேட்பது, புரிந்துகொள்வது எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் இதேதான். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு உனக்கு என் மேல் கோபம் வரத்தான் வேண்டும், வந்தால் அதை நீ வேலை பார்க்கிற ஓசூரிலேயே வைத்துப் புழுங்காதே. வந்து கத்து. நானும் பதிலுக்குக் கத்துவேன், அழுவேன், சோறு போட மாட்டேன் என்பேன், பிறகு போடுவேன்.

இப்போது பதினொரு வருடம் தாமதமாக, நீ கேட்ட கேள்விக்குப் பதில். இல்லை. உன்னால் இல்லை, ராசா. அப்பாவின் இரத்தக் குழாய் வருடக்கணக்காக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று டாக்டர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். கோபத்தில் பிள்ளைகள் சொல்கிற வார்த்தைக்கு உயிரை எடுக்கிற சக்தி கிடையாது. அப்படி இருந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தகப்பனும் மிஞ்சமாட்டான். இதில் என்னுடைய பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னுடைய பங்கு ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஒன்று. நான் அந்த நாளைப் பற்றிப் பேச்சே எடுக்காததால் இதுவும் உனக்கு வராமலே போய்விட்டது. நீ அப்படிச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போன பிறகு, அப்பா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். நான் உன்னைத் திட்டப் போகிறாரென்று நினைத்தேன். தெருவைப் பார்த்துக்கொண்டு, "எம்புட்டுக் கோவம் வருது பாருடி அவனுக்கு. அப்படியே ஒன்னய உரிச்சு வச்சிருக்கான். பொழச்சுக்கிருவான்" என்றார். சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் தோட்டத்துக்குப் போனார்.

அம்மா